மிதிக்கச் சொல்லு, விடச் சொல்லு

என் கணவரும் என் தம்பியும் சேர்ந்து அந்த ஜீப்பை வாங்கியபோது அதற்குக் கூரை கிடையாது. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. நாங்கள் தலவாக்கலையில் கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு வரிசையில் குடியிருந்தோம். தம்பி அதே வரிசையில் கடைசி அறையில் தனியாக இருந்தான். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களில் குடியிருக்கும் தொழிலாளர்கள் பயிரிடும் கோவா, லீக்ஸ், கரட் என்று காய்கறி எல்லாவற்றையும் அள்ளிவந்து கொழும்பு ரயிலில் ஏற்றிவிடுவதுதான் இரண்டு பேருக்கும் தொழில். லொறி ஏறாத பாதையிலெல்லாம் ஜீப் ஏறும். ஒருநாள் அவர் ஓட்டுவார், மறுநாள் தம்பி.

வண்டியின் கார்புரேட்டர் நாங்கள் வாங்கும்போதே தேய்ந்துபோயிருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் விடுகிற சாமான் அது. பெட்ரோல் அளவுக்கு மேல் இறங்கியதால் பின்னால் கரும்புகையாகத் தள்ளும். ஏற்றத்தில் இருமி இருமி நின்றுவிடும். அது பெட்ரோல் குடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் தம்பி ஒரு வேலை செய்தான். இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுவான். ஒரு மழைநாளில் சுமையோடு அப்படி இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டது. மண்திட்டில் மோதி வண்டி நின்றது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். கோவா எல்லாம் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டுபோக, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பொறுக்கிக் கொடுத்தார்களாம்.

என் கணவர் அதை ஸ்டேசன் வாசலில் கேள்விப்பட்டார். தம்பி வந்ததும், ஆட்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே அவனைப் பார்த்துக் கத்தினார்.

"ஒனக்கெல்லாம் மாட்டுவண்டிதான் சரி. இனிமே ஜீப்பத் தொடாத."

மறுநாள் காலை தம்பி என்னிடம் வந்து, "அக்கா, சாவி" என்று கையை நீட்டினான். அவரிடம் கேட்காமலே கொடுத்தேன். பாதி வண்டி அவனுடையது. அவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. சாவி என் கை வழியாகப் போய்வந்தது. அவர் பிரேக்கைச் சரிசெய்ததுகூட என்னிடம் சொல்லி, நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். தம்பி எங்கள் வீட்டில் சாப்பிடுவதையும் விட்டுவிட்டான். சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய் அவன் அறையில் வைத்துவிட்டு வருவேன். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம். யார் பக்கம் பேசினாலும் மற்றவருக்கு ஆகாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் ஹட்டனில் ஒரு பழைய இரும்புக்கடையில் மாற்றுக் கார்புரேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். கீழ்நாட்டுச் சமவெளியில் ஓடி உடைத்துப்போட்ட ஜீப்பிலிருந்து கழற்றியது. சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, துவாரங்களிலெல்லாம் வாயால் ஊதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பொனட்டைத் தூக்கிவைத்துப் பழையதைக் கழற்றினார். பெட்ரோல் குழாய், இழுப்புக் கம்பிகள், அடியில் இரண்டு நட்டு, அவ்வளவுதான். நடுவில் வைக்கிற கேஸ்கெட் கிழிந்துவிட்டதால் தடித்த அட்டையை அதே அளவுக்கு வெட்டிக் கிரீஸ் தடவி வைத்தார். புதியதன் கை கொஞ்சம் குட்டையாக இருந்ததால் கம்பியை வளைத்துக் கொக்கி போட வேண்டியிருந்தது. எஞ்சின் பிடித்தது, உடனே நின்றது. திரும்பப் பிடித்தது, திரும்ப நின்றது. யாராவது ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தால்தான் அவர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியைத் திருக முடியும். என்னை ஏறி உட்காரச் சொன்னார்.

"மெதுவா மிதி."

மிதித்தேன். வண்டி அலறியது.

"மெதுவான்னுதானே சொன்னேன்!"

"மெதுவாத்தான் மிதிச்சேன். நான் என்ன டிரைவரா?"

இறங்கி நேராகத் தம்பியின் அறைக்குப் போனேன். அவன் சட்டை துவைத்துக்கொண்டிருந்தான்.

"வாடா."

"எங்க?"

"ஆக்சிலேட்டர் மிதிக்க."

"அவரு கூப்பிட்டாரா?"

"நான் கூப்பிடுறேன்."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தான். தூக்கிவைத்த பொனட் நடுவில் இருந்ததால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரையும் பார்க்கிற மாதிரி நான் மட்கார்டு பக்கம் நின்றேன்.

"மிதிக்கச் சொல்லு" என்றார் அவர்.

"மிதிடா."

"போதுமான்னு கேளு அக்கா."

"போதுமாங்க?"

"விடச் சொல்லு. இன்னும் கொஞ்சம். அப்படியே புடிக்கச் சொல்லு."

எஞ்சின் சத்தத்தில் நானும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருமுறை அவர் விடச் சொன்னதை நான் மிதிக்கச் சொல்லிவிட்டேன். எஞ்சின் உறுமியது. அவர் என்னைத் திட்டுவதற்குத் தலையைத் தூக்கிய அதே நேரத்தில் தம்பிக்குப் பெட்ரோல் வாடை அடித்திருக்கிறது. எட்டிப் பார்த்தவன் சட்டென்று எஞ்சினை நிறுத்திவிட்டு, "மச்சான், கைய எடுங்க! வழியுது, வழியுது!" என்று கத்தினான்.

அவர் பின்னால் துள்ளினார். கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் வழிந்து, சூடான புகைக்குழாயின் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி குதித்து வந்து பெட்ரோல் குழாயை மூடினான். நான் ஒரு வாளி மண்ணை அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன், தேவைப்படவில்லை. மூன்று பேரும் அந்த ஈரத்தைக் குனிந்து பார்த்தோம்.

"மெதவ சரியில்ல போல" என்றார் அவர், பொதுவாக.

"நெறஞ்ச பெறகும் அடைக்க மாட்டேங்குது மச்சான். நாக்கக் கொஞ்சம் வளைச்சு விடணும்."

மூடியைத் திறந்து, பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கிற மிதவையின் சின்னப் பித்தளை நாக்கை வளைத்தார்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் வளைத்தார். வளைத்தது போதாதென்று மறுபடி திறந்தார்கள். அதற்குப் பிறகு வழியவில்லை. தம்பி மிதிக்க, அவர் திருகாணியை எஞ்சின் தடுமாறும் வரை உள்ளே திருகி, பிறகு சத்தம் சீராகும் வரை வெளியே எடுத்தார். காலை எடுத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடியது. "சாப்பிட வா" என்று தம்பியைக் கூப்பிட்டேன். "கையெல்லாம் பெட்ரோலு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசினார்கள், ஜீப்பைப் பற்றி மட்டும். பேசுவதற்கு நிறையவே இருந்தது. தலவாக்கலையில் நன்றாக ஓடும் வண்டி, நுவரெலியாப் பக்கம் ஏறி நின்றால் தள்ளாடும். அங்கே காற்று மெலிசு, பெட்ரோல் கூடிப்போகிறது என்று தம்பி திருகாணியை உள்ளே திருகுவான். கீழே வந்து மறுநாள் காலை வண்டி குளிரில் பிடிக்காது. அவர் வெளியே திருகுவார். முதலில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்தார்கள். பிறகு ஒருநாள் காலை அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி திருப்புளியோடு உள்ளே வந்துவிட்டான்.

"மச்சான், இப்பிடித் தொறந்து வச்சா பெட்ரோல் நிக்குமா?"

"நேத்துக் காலையில எத்தன தடவ ஹேண்டிலச் சுத்துனேன் தெரியுமா மாப்ள? ஒன் வேலதான்."

"கொஞ்ச நேரம் சூடாக விட்டா என்ன?"

"ரயிலு நிக்குமா?"

நான் இன்னொரு தட்டை வைத்து ரொட்டியும் சம்பலும் போட்டேன். தம்பி திருப்புளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டான். ஸ்டேசன் வாசலில் கத்தியதற்கு அவர் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பியும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துவதை மட்டும் விட்டுவிட்டான்.

அன்று அவனுடைய முறை. பூண்டுலோயாவில் லீக்ஸ் காத்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினான்.