செருப்பைத் தட்டிவிட்டுப் போடுகிறவர்

என் கணவர் ராணுவத்தில் இருந்தபோது இரண்டு வருடம் ஜெய்சல்மேர் பக்கம் எல்லைக் காவலில் இருந்தவர். அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். நான்தான் நச்சரித்து, தி. நகர் டிராவல்ஸ் ஒன்றில் பாலைவனச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தேன். சமையல்காரரையும் கூடவே கூட்டிப்போகிற கம்பெனி. தார் பாலைவனத்திலும் ரசம் உண்டு.

போர் நினைவிடத்தில் எங்களோடு வந்த மயிலாப்பூர் கோஷ்டி, எதிரியிடம் பிடித்த டாங்கிமேல் கைவைத்துப் படம் எடுத்துத் தள்ளியது. இவர் மட்டும் வேலியோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தார்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"நாங்க இருந்த இடம் இது இல்ல. அங்கல்லாம் பஸ் போகாது."

சாயங்காலம் மணல்மேட்டில் உள்ளூர்க்காரர்களின் பாட்டு, ஆட்டம். மறுநாள் காலை கூடாரத்துப் பணியாள், செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள், உள்ளே தேள் இருக்கும் என்று இந்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடையாறில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில், பால் வாங்கப் போகும்போதுகூட இவர் செருப்பைத் தரையில் இரண்டு தட்டு தட்டுவார். ஏன் என்று கேட்டால், "பழக்கம்" என்பார். முப்பது வருடமாக அதற்குத் திட்டியிருக்கிறேன்.

வீடு திரும்பியும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை கீழ்வீட்டு அம்மா போன் செய்தார்.

"இன்னாம்மா, சார் வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டாரா?"

"அவர் தூங்கறார். தட்டினது நான்தான்" என்றேன்.