வலது பக்க வெயில்

பூவரசனை எனக்குப் பிடிக்காது. அவன் ஓட்டுகிற பஸ்ஸில் பல வருடமாக நான் கண்டக்டர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே தினமும் அவனோடுதான் என் பிழைப்பு. ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. கூட்டேரிப்பட்டில் ஆடு குறுக்கே ஓடினாலும் தூங்குகிறவர்கள் எழாதபடி பிரேக் போடுவான். ஆனால் தான் டிரைவர் என்கிற திமிர் அவனுக்குத் தலை கொள்ளாமல் இருந்தது. சாலையோரக் கொல்லையில் மல்லாட்டைச் செடி, அதான் நிலக்கடலை, பிடுங்குகிறவர்களைப் பார்த்தால், "வெயில்ல காய்ஞ்சி சாவுதுங்க பாரு" என்பான். அவனைப் பெற்றவர்களும் அதே மாதிரி ஒரு கொல்லையில் காய்ந்துதான் அவனுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முகத்தின் வலது பாதி வெந்துபோகும். காலையில் திண்டிவனம் திரும்பும்போதும் சாயங்காலம் விழுப்புரம் போகும்போதும் வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். பூவரசனின் வலது கன்னம் கருத்து, மங்கு படர்ந்து, தோல் தடித்துக் கிடந்தது. இடது கன்னம் பிறந்தபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. எங்கள் ரூட்டில் பழைய டிரைவர் யாரைப் பார்த்தாலும் இப்படித்தான். அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசியதில்லை.

அவன் மகள் கலைப்பிரியாவைப் பெண் பார்க்கக் கண்டாச்சிபுரத்திலிருந்து வந்தார்கள். பையனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவனுடைய அம்மா அம்மணி பெண்ணைப் பார்த்ததைவிடப் பெண்ணின் அப்பனைத்தான் அதிகம் பார்த்தாள்.

"அண்ணனுக்கு மூஞ்சி ஒரு பக்கம் வெளுத்துக்கினு வருதே, இன்னா அது?"

வெண்குஷ்டமா என்று கேட்கிறாள். அந்த வார்த்தையைச் சொல்லாமலே வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டுவிட்டது. ஒரு பக்கம் வெளுக்கவில்லை, மறுபக்கம் வெயிலில் கருத்தது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பூவரசன் சொல்லவில்லை. வெயிலில் கருத்தேன் என்றால் கூலிக்காரன் மாதிரி ஆகிவிடுமாம். "அலர்ஜிங்க, சரியாயிடும்" என்றான்.

"சரியானதும் சொல்லி அனுப்புங்க, பேசி முடிச்சிடலாம்" என்று அம்மணி எழுந்து போனாள். கலைப்பிரியாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவனும் தினம் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஆக, அந்தப் பெண்ணின் கல்யாணம் அவள் அப்பன் கன்னத்தில் வந்து நின்றது.

விழுப்புரத்தில் ஒரு கடைக்கு மேல் மாடியில் தோல் அழகு நிலையம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். வெளிச்சத்தைப் பாய்ச்சி வெயில் கருப்பை எடுப்பார்களாம். துணைக்கு நானும் போனேன். போர்டில் டாக்டர் பெயர் பெரிதாக இருந்தது. டாக்டர்தான் இல்லை. வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒரு பெண் இருந்தாள். போன மாதம் வரைக்கும் எங்கேயோ முகப்பவுடர் விற்றுக்கொண்டிருந்தவள் என்று பந்தயமே கட்டுவேன்.

"சமீபத்துல வெயில்ல அலைஞ்சீங்களா சார்? அலைஞ்சிருந்தா லைட் வைக்கக் கூடாது" என்றாள்.

"வெயில்ல வேல செய்ற ஆளு இல்லம்மா நானு. பஸ்ல உக்காந்துக்கினு போறவன்."

இதை அவன் பொய்யாகச் சொல்லவில்லை. தலைக்கு மேல் கூரை இருந்தால் அது வெயில் வேலை இல்லை என்று மனசார நம்புகிறவன். நான்தான் குறுக்கே புகுந்தேன். "தினம் ஜன்னலோரம் வெயில் வாங்கிக்கினு ஓட்டறவரும்மா."

"நீ சும்மா இரு விருத்து. டிக்கெட் கிழிக்கிற வேலயப் பாரு" என்றான் பூவரசன் என்னிடம்.

அந்தக் கன்னம் அவளுக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அவளோ போனில் இருந்த கேள்விப் பட்டியலில் 'இல்லை' என்று தட்டிவிட்டு, அவன் கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி மாட்டி, கன்னத்தில் ஏதோ கொழகொழவென்று தடவி, கட்டை போல ஒன்றை வைத்து அழுத்தி அழுத்தி எடுத்தாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பளீரென்று ஒரு வெளிச்சம். மீசை முடி கருகிய நாற்றம் எனக்கே வந்தது.

"எரியுதும்மா."

"எரிஞ்சாத்தான் சார் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

சாயங்காலமே கன்னம் கொப்பளித்தது. கொஞ்ச நாளைக்கு வெயில் படக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாளாம். அதற்கு இவன் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். காலையில் விழுப்புரம் போகிற டிரிப், சாயங்காலம் திண்டிவனம் வருகிற டிரிப், இவை மட்டும் தனக்கு வேண்டும் என்று மேனேஜரிடம் போய் நின்றான். அப்போது வெயில் இடது பக்கம் விழுமாம்.

"வண்டி தானா திரும்பி வந்துக்குமா பூவரசா?" என்று மேனேஜர் கேட்டார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கொப்புளம் காய்ந்து பக்கு உதிர்ந்ததும் சிரிப்பு நின்றுபோனது. கருத்த கன்னத்தில் அந்தக் கட்டை பதிந்த இடமெல்லாம் பட்டை பட்டையாக வெள்ளை. இல்லாத வியாதியைக் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தான். "அப்பா, மெஷின்ல சுட்டுக்கிச்சுன்னு உள்ளதைச் சொல்லிடு" என்று கலைப்பிரியா படித்துப் படித்துச் சொன்னாள். அவன் பவுடர் டப்பாவை எடுத்தான்.

அம்மணி மறுபடியும் வந்த அன்றைக்கு நானும் அவன் வீட்டில் இருந்தேன். காபி வருவதற்குள் வியர்வையில் பவுடர் வழிந்துவிட்டது. அவள் செல்போன் டார்ச்சைப் போட்டு, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஒரு பக்கந்தான். இப்ப அந்தப் பக்கமும் எறங்கிடுச்சே."

"மெஷின் சுட்டதுங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்கும் பொண்ணு முதுகு, இடுப்பெல்லாம் ஒருக்கா பாத்துடறேன். ரூமுக்குள்ளதானே. பொம்பளைக்குப் பொம்பள இன்னா இருக்குது?"

அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூவரசனின் மனைவி கிருஷ்ணவேணி கையில் தட்டோடு அப்படியே நின்றாள். எல்லோரும் பூவரசனைப் பார்த்தோம். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று நினைத்தேன். திறந்தான்.

"போம்மா. ஒரு நிமிஷந்தானே."

கலைப்பிரியா அம்மணியைப் பார்க்கவில்லை. அப்பனைத்தான் பார்த்தாள், அவன் தலை குனியும் வரைக்கும். பிறகு அம்மணியிடம் திரும்பினாள்.

"பாருங்க. ஆனா மொதல்ல உங்க புள்ளயச் சட்டயக் கழட்டச் சொல்லுங்க. எங்கம்மா பாக்கட்டும்."

பையனின் கை சட்டைக் காலரைப் போய் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. காபியைக் குடிக்காமலே அவர்கள் வண்டி ஏறினார்கள்.

மறுநாள் காலையில் திண்டிவனத்தில் பூவரசன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னான்: "கொஞ்சம் பொறுத்துக்கினு காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும் விருத்து. அதுக்கு வாய் நீளம்." கேட்கவே அருவருப்பாக இருந்தது.

கலைப்பிரியாவுக்கு விழுப்புரத்தில் வேலை. தினம் எங்கள் வண்டியில்தான் வருவாள், முன் சீட்டில் அப்பனுக்குப் பின்னால். டிரைவர் வீட்டு ஆட்களுக்கு எந்த வண்டியிலும் டிக்கெட் போடுவதில்லை. அன்றைக்கு அவள் பின் படியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். நான் தாண்டிப் போகப் போனேன். கையை நீட்டினாள். உள்ளங்கையில் சரியான சில்லறை இருந்தது.

"ஒரு விழுப்புரம், மாமா."

கிழித்துக் கொடுத்தேன். பூவரசன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் விசில் ஊதினேன். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் ஊதினேன்.