தம்பி பக்கத்துக் குழாய்

திருக்காட்டுப்பள்ளி வீட்டை எனக்கும் தம்பிக்கும் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினோம். தரைக்கடியில் ஓடிய பழைய பீங்கான் குழாயைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவன் குளியலறைத் தண்ணீர் என் சமையலறைக்கு அடியில் வந்துதான் கொல்லைக்குப் போகும். அம்மாவையும் பிரித்துக்கொண்டோம். ஒரு மாதம் அவன் வீடு, ஒரு மாதம் என் வீடு.

மூன்றாம் வருடம், நடுச்சுவரை ஒட்டிய இணைப்பில் குழாய் ஒழுக ஆரம்பித்தது. என் சமையலறைத் தரை ஊறி, மூலையில் கிடந்த விதைநெல் மூட்டை அடியில் முளைவிட்டது. பிளம்பர் வந்து பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் தரையை உடைச்சாத்தாங்க மாத்த முடியும். தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார்.

நானும் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூத்தவன் நான், நான் போய் அவன் வாசலில் நிற்பதா?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று அந்த மட்டும்கூட இல்லை. என் பக்கத் தரையை நானே பெயர்த்தேன். அவன் பக்கமிருந்து வரும் குழாயின் வாயில் என் பழைய லுங்கியைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன். தண்ணீர் தேங்கினால் அவனே வந்து நிற்கட்டும். அது அம்மா அவன் வீட்டில் இருக்கும் மாதம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, சோப்புத் தண்ணீர் தேங்கிய குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் காட்டினோம். இந்த வயதுக்கு ஆபரேஷன் தாங்காது என்றார்கள்.

தம்பி தரையை உடைத்துப் பார்த்திருக்கிறான். சிமெண்ட் அப்பிய என் லுங்கியைக் கையில் பிடித்தபடி என் வாசலுக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே. ஒண்ணாந்தேதி உங்க வீட்டுக்கு வரணும்னு நாளை எண்ணிக்கிட்டுக் கெடக்காங்க."

வந்தாள். இருபது நாள் என் வீட்டில் கிடந்தாள். உடம்பு துடைத்துவிடும்போதெல்லாம் சொல்லிவிட வாயெடுப்பேன். தம்பி கேட்டுக்கொண்டான், அதனால் சொல்லவில்லை என்று ஊரை ஏமாற்றலாம். நான் பயந்தேன், அதுதான் உண்மை.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் பெரியவன் மாதிரி யாரு பாத்துப்பா, சொல்லுங்க" என்று கேட்டாள். கண்ணை மூடிய அன்று காலையிலும் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் அதையே கேட்டாள். நான் அவள் காலடியில்தான் உட்கார்ந்திருந்தேன்.