பன்னிரண்டு இதழ்ச் சட்டி

அழுக்குக்கு விலை உண்டு என்பதைப் பல்கலைக்கழகம் எனக்குக் கற்பிக்கவில்லை. அதை ஒஸ்லோவின் ஆற்றங்கரையில், நெசவு நின்றுபோன ஒரு பழைய ஆலைக்குள் கற்றுக்கொண்டேன். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. பெற்றோர் நிம்மதியாகக் குப்பையில் போட்டவற்றைப் பிள்ளைகள் பெருமையோடு விலைக்கு வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஆலை மண்டபத்தை ஒட்டுப்பலகைகளால் நாற்பது கூடுகளாகத் தடுத்து, பழம்பொருள் விற்க விரும்புவோருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கூட்டை அலங்கரித்துப் பொருள்களை அடுக்குவது மட்டுமே நம் பொறுப்பு. விற்பனையை வாசலில் இருந்த ஒரே கல்லா பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளருடன் பேசவே வேண்டியதில்லை என்ற ஏற்பாடு என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது என்று நம்பினேன்.

எனக்குக் கிடைத்த கூடு இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். மூன்று மாதப் பரீட்சை. மூன்றாம் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, மண்டபத்தை நடத்தும் பெண்மணி வந்து பார்ப்பார். பிடித்தால் கூடு நிரந்தரம். பிடிக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு.

அந்த மூன்று சதுர மீட்டரை நான் ஏன் அவ்வளவு விரும்பினேன் என்பது புரிய, நகரின் தெற்கு விளிம்பில் மோர்டென்ஸ்ருட்டில் இருந்த எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். அங்கே கிடையாகக் கிடக்கும் ஒவ்வொரு பரப்பும் அம்மாவின் ஆட்சிக்கு உட்பட்டது. தொலைக்காட்சிக்கு மேல் பின்னல் விரிப்பு, விரிப்புக்கு மேல் பிளாஸ்டிக் ரோஜா, ரோஜாவுக்கு மேல் பொலித்தீன் உறை. வரவேற்பறையின் கண்ணாடி அலுமாரியில், தேநீரை ஒருமுறைகூடச் சந்தித்திராத தங்க விளிம்புக் கோப்பைகள். நான் மேசையில் விட்டுச்செல்லும் புத்தகங்கள் மாலையில் உயர வரிசைப்படி நின்றுகொண்டிருக்கும். ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்தால் மறுநாளும் அது அங்கேயே இருக்கும் ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது. பணயத்தில் இருந்தது அவ்வளவுதான். பேரரசு எதுவும் சரியவில்லை.

மண்டபத்தை நடத்திய பெண்மணி முன்பு விளம்பரத் துறையில் இருந்தவர். கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தமாட்டார். கூட்டு அலங்காரம் குறித்து அவருக்கு ஒரு முழுமையான இறையியல் இருந்தது. எதையும் இரட்டை எண்ணில் வைக்கக் கூடாது. எந்த இரண்டு பொருளும் ஒரே உயரத்தில் நிற்கக் கூடாது. மேசையாக மேசையைப் பயன்படுத்துவது கற்பனை வறட்சி. ஆப்பிள் பெட்டியைக் கவிழ்க்கலாம், இஸ்திரிப் பலகையை விரிக்கலாம். யாரோ ஒருவர் இப்போதுதான் எழுந்து கோப்பி எடுக்கப் போயிருக்கிறார் என்று தோன்ற வேண்டும். இவை அனைத்துக்கும் சேர்த்து அவர் சொன்ன ஒற்றைச் சொல் ‘ஸ்டெம்னிங்’. ஒரு சூழலின் மனநிலை என்று விளக்கலாம். வாடகை ஒப்பந்தத்திலேயே அந்தச் சொல் இருந்தது.

நான் பணிந்தேன். விரிந்த புத்தகம் ஒன்றின்மேல் மூக்குக்கண்ணாடியை வைத்தேன். கம்பளிப் போர்வையை நாற்காலியில் அலட்சியமாக எறிந்தேன். அந்த அலட்சியம் கைகூட நாற்பது நிமிடம் பிடித்தது. தூசியை எங்கே துடைப்பது, எங்கே விட்டுவைப்பது என்று குறித்துக்கொண்டேன். பக்கத்துக் கூட்டுக்காரர் விலைச்சீட்டுகளைத் தேநீரில் தோய்த்து ரேடியேட்டரில் காயவைத்து நூற்றாண்டு பழமை ஏற்றிக்கொண்டிருந்தார். சீட்டில் விலையோடு ஒரு கதையும் எழுத வேண்டும் என்பது மண்டபத்தின் வழக்கம். ‘வடக்கே ஒரு மீனவக் குடும்பம் மூன்று தலைமுறை கோப்பி காய்ச்சிய கேத்தில்’ என்பது போல. அந்தக் கேத்திலை அவர் முந்தைய ஞாயிறு ஒரு பாடசாலை மைதானச் சந்தையில் வாங்கியதை நான் பார்த்திருந்தேன். என் சீட்டுகளில் நான் ‘கேத்தில். செம்பு. மூடி இல்லை’ என்று எழுதினேன்.

“நீ இலக்கியம் படிக்கிறாய் அல்லவா?” என்று பெண்மணி வருத்தத்தோடு கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உன் வீட்டில் உங்கள் நாட்டுப் பொருள் ஏதாவது இருக்காதா? பித்தளை விளக்கு, பட்டுத்துணி? அதற்கு இங்கே நல்ல இடம் உண்டு,” என்றார்.

நான் பிறந்தது இந்த நகரத்து மருத்துவமனையில். அறுபதுகளின் நோர்வே சமையலறைதான் என் கூட்டின் பொருள் என்று சொன்னேன். “அப்படியானால் நடுவில் கண்ணைப் பிடித்து நிறுத்தும் ஒரு பொருள் வேண்டும். இல்லையென்றால் இது வெறும் பாத்திரக்கடை,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அப்படி ஒரு பொருள் எங்கள் வீட்டில் இருந்தது. கழுவுதொட்டிக்குக் கீழே, சவர்க்கார டப்பாக்களுக்குப் பின்னால். செம்மஞ்சள் நிற எனாமல் சட்டி, அதைச் சுற்றிப் பன்னிரண்டு வெள்ளைத் தாமரை இதழ்கள். மண்டபத்தில் அந்த வகைச் சட்டிக்கு ஆள்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்தது, அம்மாவும் அப்பாவும் இந்நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அகதிகளுக்கென்று யாரோ கட்டிக் கொடுத்த ஒரு பெட்டிக்குள். அன்றிலிருந்து அம்மா அதில் உளுந்து ஊறப்போடுகிறார். விருந்தாளிகள் வந்தால் அது தொட்டிக்குக் கீழே போய்விடும்.

“அம்மா, அந்தச் சட்டியைத் தாங்கோ. கடையிலை நடுவிலை வைக்கவேணும்.”

“எந்தச் சட்டி? உதையோ?” அம்மா என்னை ஏதோ காய்ச்சல்காரியைப் போலப் பார்த்தார். “உனக்கென்ன விசரே? பிச்சையா வந்த சட்டியைச் சந்தியிலை வைக்கப்போறியோ? ஆரும் எங்கடை சனம் கண்டால் என்ன கதைப்பினம்?”

“எங்கடை சனம் அங்கை வராது. இது இப்ப பெறுமதியான சாமான், அம்மா.”

“பெறுமதியெண்டால் அவையள் ஏன் எங்களுக்குத் தந்தவை?”

அதன்பின் இரண்டு வாரம் நான் சட்டியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கடைசி வாரத்தில், கூட்டின் நடுவில் ஒரு ரொட்டிப் பெட்டியை வைத்து, அது யாருடைய கண்ணையும் பிடித்து நிறுத்தாததைப் பார்த்து, வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்திருப்பேன் போலும். வெள்ளிக்கிழமை காலை சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் சட்டி இருந்தது.

“கொண்டுபோ,” என்றார் அம்மா. “ஊத்தையாக் குடுக்கேலாது எண்டு நேற்றுப் பின்னேரம் முழுக்க மினுக்கினனான். வேலையிலையிருந்து மருந்தும் கொண்டுவந்து போட்டனான். பார், புதுசு மாதிரி.”

அம்மா ஒரு பாடசாலையில் துப்புரவுப் பணி செய்பவர். துறை வல்லுநர். வேலையிடத்துக் கறைநீக்கியை ஊற்றி, கம்பிப் பஞ்சால் ஒரு மாலை முழுவதும் தேய்த்திருந்தார். சட்டி உண்மையிலேயே மின்னியது. பன்னிரண்டு இதழ்களில் ஏழு மறைந்திருந்தன. ஏழாவது போகும்போது கை வலித்திருக்க வேண்டும். எட்டாவதில் பாதி மிஞ்சியிருந்தது.

“என்ன, வடிவாயில்லையோ?”

“வடிவாயிருக்கு, அம்மா.” எந்த விலைச்சீட்டிலும் எழுதாத பொய்யை அம்மாவிடம் சொன்னேன்.

அதைப் பையில் போட்டு ஒளித்துவிடத்தான் எண்ணினேன். ஆனால் அம்மா சனிக்கிழமை தானும் வருவதாக அறிவித்தார். சட்டியை நடுவில் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. இதழ்கள் மிஞ்சிய பக்கத்தை முன்னால் திருப்பி, ஆப்பிள் பெட்டியின்மேல் வைத்து, என் வழக்கப்படி சீட்டு எழுதினேன்: ‘எனாமல் சட்டி. நோர்வே, அறுபதுகள். பன்னிரண்டு இதழ்களில் மீதம் நாலரை. மற்றவை வியாழக்கிழமை தேய்த்து அகற்றப்பட்டன.’

பெண்மணி இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்தார். சீட்டை வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தார். பிறகு மண்டபம் அதிரச் சிரித்தார்.

“வியாழக்கிழமை! அருமை. கடைசியில் கதை சொல்லக் கற்றுக்கொண்டாய்.”

மூன்று மாதத்தில் நான் எழுதியவற்றிலேயே மிக நீளமான உண்மை அது. நான் நன்றி சொன்னேன். “சுற்றிவிட்டு வந்து கையொப்பமிடுகிறேன்,” என்றார் அவர்.

அந்த நேரத்தில் அம்மா வந்து சேர்ந்தார். நல்ல மேலங்கி, கோயிலுக்குப் போடும் சங்கிலி. கூட்டைப் பார்த்ததும் முதல் வேலையாக மூக்குக்கண்ணாடியை மடித்துப் புத்தகத்தை மூடினார். என் அலட்சியப் போர்வையை நாலாக மடித்தார். ஒரு தம்பதி வந்து மரக்கிண்ணம் ஒன்றை எடுத்துப் பார்த்தார்கள். அம்மா தன் நோர்வேஜிய மொழியில், மிகுந்த அக்கறையோடு, “உள்ளே கீறல் இருக்கிறது, பாருங்கள். ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் புதியது இதைவிட மலிவு,” என்றார். அவர்கள் நன்றி கூறிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, ட்வெய்ட்டாவுக்கு எந்த ரயில் தடத்தில் போவது என்று கேட்டார்கள். அம்மா அதையும் விளக்கினார்.

“அம்மா, இஞ்சை ஆக்கள் பழசைத்தான் தேடி வருகினம்.”

“அதுக்கு? கீறல் இருக்கிறதைச் சொல்லாமல் விடுறதோ?”

பிறகு முதுகுப்பையோடு ஓர் இளம்பெண் வந்து சட்டியின் முன் நின்றார். அம்மாவின் சங்கிலியைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே தொடங்கினார்.

“ஆன்ட்டி, நீங்க தமிழா? இந்த லோட்டஸ் பாட் எவ்ளோ ஆன்ட்டி?”

“ஓம், பிள்ளை. நீங்கள் இந்தியாவோ?”

“கோயம்புத்தூர் ஆன்ட்டி. இங்க சாஃப்ட்வேர்ல இருக்கேன்.”

அம்மா என் பக்கம் திரும்பி, “படத்திலை கதைக்கிற மாதிரியே கதைக்கிறா,” என்று மெச்சினார். பிறகு அவரிடம், “உந்தச் சட்டி ஏன் பிள்ளை உங்களுக்கு? நான் இருவது வரியமா உளுந்து ஊறப்போட்ட சட்டி உது,” என்றார்.

“அய்யோ, உங்க சட்டியா! சீரியஸா? அப்போ எனக்கு கண்டிப்பா வேணும். ரியல் வின்டேஜ்!” அவர் சட்டியை இரு கைகளாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். “உங்க கதையோட வாங்கிக்கிறேன் ஆன்ட்டி.”

அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாகத் தொட்டிக்குக் கீழே ஒளித்த பொருளை ஒருவர், அதுவும் ஒரு தமிழ்ப் பிள்ளை, எல்லாம் அறிந்தபின் அணைத்துக்கொண்டு நிற்கிறார். அம்மா கையை நீட்டினார்.

“தாங்கோ பிள்ளை. உதைக் குடுக்கேலாது.”

“ஏன் ஆன்ட்டி? பிரைஸ் டேக் இருக்கே!”

“இருக்கட்டும். குறை நினையாதேங்கோ.” சட்டியை மெதுவாக, ஆனால் உறுதியாக, அவர் கைகளிலிருந்து விடுவித்துத் தன் கைப்பைக்குள் இறக்கினார். சீட்டும் கூடவே போயிற்று.

கறுப்பு உடை எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஒப்பந்தத்தின் முதல் விதியை அவர் எனக்கு நினைவூட்டினார்: கூட்டில் இருப்பது எதுவாயினும் விற்பனைக்குரியது. வாடிக்கையாளர் கையிலிருந்து ஒரு பொருளைத் திரும்பப் பறித்த சம்பவம் மண்டப வரலாற்றிலேயே இல்லை என்றார். பிறகு கனிந்தார். “சட்டியை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல். கூடு உனக்குத்தான். இப்போதே கையொப்பமிடுகிறேன்.”

பேனா அவர் கையில் இருந்தது. மடித்த போர்வையையும், மூடிய புத்தகத்தையும், மூன்று சதுர மீட்டரையும் பார்த்தேன். அம்மா கைப்பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“விற்பனைக்கு இல்லை,” என்றேன் நோர்வேஜிய மொழியில். அந்த மண்டபத்தில் நான் உரக்கப் பேசிய முதல் வாக்கியம். கோயம்புத்தூர்ப் பெண் செம்புக் கேத்திலை எடுத்துக்கொண்டு போனார். மூடி இல்லாததை அம்மா அவருக்கும் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா சீட்டை வெளியே எடுத்து வாசித்தார். நோர்வேஜிய மொழியை அவர் மெதுவாக, ஆனால் முழுமையாக வாசிப்பார்.

“நாலரையோ?” சட்டியை மடியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அஞ்சு இருக்கு. வெளிச்சத்திலை வடிவாப் பார்.” நான் பார்த்தேன். சாய்த்துப் பிடித்தால் பாதி இதழின் மறுபாதி ஒரு மங்கல் கோடாகத் தெரிந்தது. துல்லியத்தில் தோற்றது அந்த நாளின் இரண்டாவது இழப்பு. அடுத்த வாரமே என் கூட்டுக்கு வேறொருவர் வந்துவிட்டார். அவரும் விரிந்த புத்தகத்தின்மேல் மூக்குக்கண்ணாடி வைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

சட்டி அதன்பின் தொட்டிக்குக் கீழே போகவில்லை. கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில், தங்க விளிம்புக் கோப்பைகளை இருபுறமும் ஒதுக்கிவிட்டு, ஐந்து இதழ்களும் முன்னால் தெரிய அது வைக்கப்பட்டது. ஒற்றைப்படை எண். எந்தக் கோப்பையோடும் உயரம் ஒத்துப்போகவில்லை. உளுந்து ஊறப்போட அம்மா ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினார், ட்வெய்ட்டாவில்.

சில வாரம் கழித்து, ஹவுகெட்டோவிலிருந்து வந்த ஒரு மாமி அலுமாரிக்கு முன் நின்று, “இதென்ன, புதுசோ?” என்று கேட்டார். நான் அறையின் மூலையில் படித்துக்கொண்டிருந்தேன். பெட்டி, குளிர்காலம், பிச்சை எல்லாம் இப்போது வெளியே வரும் என்று காத்திருந்தேன்.

“இல்லை, பழசு. அன்ரீக்,” என்றார் அம்மா, தேநீரை ஆற்றியபடி. “மகள் டவுனிலை கடை வைச்சிருந்தவ எல்லே, அங்கை நடுவிலை இருந்தது. ஒரு இன்ஜினியர்ப் பிள்ளை கட்டிப்பிடிச்சுக்கொண்டு கேட்டவ. நான் குடுக்கேல்லை.”

ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பொய் இல்லை.