மீதி நாரை என்ன செய்வது?

மருமகள் இடது கையால் தலை சீவத் தொடங்கியதை வீட்டில் முதலில் கவனித்தது நான்தான். முப்பத்தொரு வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பிள்ளைகளின் பெயர் கூப்பிட்ட வாத்தியார். எது வழக்கத்துக்கு மாறினாலும் எனக்கு உறுத்தும்.

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் பால் வெட்டுகிறாள். மரங்களுக்கு வயதாகிக் கீழ்ப்பட்டை தீர்ந்துவிட்டது. அதனால் தலைக்கு மேலே கையைத் தூக்கி வெட்டுகிற வேலை. நாளொன்றுக்கு இருநூற்றைம்பது மரம் என்றால், வலது கை அத்தனை தடவை மேலே போய் வர வேண்டும். ஒரு நாள் அது தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. கை சரியாகாவிட்டால் புல்வெட்டுக்கு மாற்றிவிடுவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லி அனுப்பினார்.

“புல்லு வெட்டவா மாமா நான் இந்தக் கத்திய புடிச்சுப் பழகினேன்?” என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மகனுக்குக் கொழும்பில் கடை வேலை. ஆஸ்பத்திரிக்கு அவளோடு நான்தான் அலைந்தேன். தைலம், மாத்திரை, பயிற்சி, ஊசி என்று மாதங்கள் போயின. கடைசியில் பெரியாஸ்பத்திரி எலும்பு டொக்டர் ஒருவர் ஸ்கேன் படத்தைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். தோளை மூடிப் பிடித்திருக்கும் தசைநார்களில் ஒன்று, எலும்பில் ஒட்டுகிற இடத்தில் அடிப்பக்கமாகக் கிழிந்திருக்கிறது. முழுதாக அறவில்லை. ஆனால் கனத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இனித் தைக்கத்தான் வேண்டும்.

வெளியே நாற்பத்திரண்டு பேர் காத்திருந்தார்கள். உள்ளே போகுமுன் எண்ணியிருந்தேன். அப்படியிருந்தும் அந்த மனிதர் அவசரப்படவில்லை. மேசையில் கிடந்த கட்டுத் துணியை நான்காக மடித்து, அடி மடிப்பைக் கையால் பிரித்துக் காட்டினார். தைப்பதற்கு இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, மேலே மிஞ்சியிருக்கும் நாரை அப்படியே விட்டு, அதனூடே சின்னத் திருகாணியை எலும்பில் இறக்கி, கிழிந்த அடிப்பாகத்தை மட்டும் இழுத்துக் கட்டுவது. மற்றது, மிஞ்சிய நாரையும் அறுத்து முழுக் கிழிசலாக்கி, பிறகு மொத்தத்தையும் எலும்பில் புதிதாகப் பொருத்தித் தைப்பது.

“நல்லா இருக்கிறத எதுக்கு அறுக்கணும்?” என்றேன். பேச்செல்லாம் சிங்களத்தில்தான்.

“நல்லா இருந்தா அறுக்க மாட்டேன் மாஸ்டர். மேலுக்கு நல்லா தெரியும், தொட்டா நைஞ்சு போயிருக்கும். அதுல தையல் நிக்காது.”

“அப்ப மொத வழி?”

“நார் உறுதியா இருந்தா அது நல்லது. இருக்கிறது இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஆனா சிலருக்கு ஆரம்பத்துல தோள் விறைச்சுக்கும், வலியும் கொஞ்சம் கூட.”

“கடைசியில எது மேல்?”

“ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தவங்க கடைசியில பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் சொல்றாங்க.”

“இவளுக்கு எது செய்வீங்க?”

“இப்ப தெரியாது. கமெராவ உள்ள விட்டு, நாரத் தொட்டுப் பாத்துத்தான் முடிவு.”

இப்படிப் பதினொரு கேள்வி கேட்டேன். எதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. மருமகள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அறுத்துத் தைச்ச பிறகு ஒட்டலன்னா, டொக்டர்?”

“இப்ப இருக்கிற பலமும் இருக்காது, நங்கி,” என்று தங்கையைப் போல் அழைத்துச் சொன்னார் அவர், கண்ணைத் திருப்பாமல்.

பஸ்ஸில் வரும்போது நான் ஓயவில்லை. மரத்தில் கத்தி கட்டை வரை இறங்காமல் மெல்லிசாக ஒரு படலத்தை விட்டால்தானே பட்டை திரும்ப வளர்கிறது, அதுபோல் மிஞ்சியதை விட்டுவைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடு என்றேன்.

“மாமா, நான் மரமில்ல,” என்று சிரித்துவிட்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “தெரியாதுன்னு சொன்ன மொத டொக்டர் இவருதான். மத்தவங்க எல்லாரும் தெரிஞ்ச மாதிரி தைலத்த எழுதிக் குடுத்தாங்க. ரெண்டுக்கும் சேத்தே கையெழுத்து வைக்கிறேன். உள்ள பாக்கப்போறது அவருதானே, நீங்களா?”

அப்படியே வைத்தாள். தன் கையை இன்னொருவர் தீர்ப்பில் விட்டுவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள். அந்தத் துணிச்சல் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை.

ஒப்பரேஷன் முடிந்ததும் டொக்டர் தொப்பியைக் கூடக் கழற்றாமல் வாசலுக்கு வந்தார். “அறுக்க வேண்டியதாப் போச்சு மாஸ்டர். கொக்கியால தொட்டதும் மீதி நார் பிரிஞ்சு வந்துடுச்சு. மொத்தமா எலும்புல பொருத்தியிருக்கேன்.” நான் பயந்த வழியேதான். பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் தொட்டு, “தையல் நல்லா உக்காந்திருக்கு,” என்றார்.

ஆறு வாரம் கை, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கிடந்தது. நீவிவிடுகிறேன் என்று வேப்பெண்ணெயோடு வந்த, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெண்ணை, தையல் பிய்ந்துவிடும் என்று வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதன்பின் சுவரில் விரல்களால் ஏறுகிற பயிற்சி. வாரம் ஒரு தடவை விரல் எட்டிய இடத்தில் சோக்கால் கோடு போட்டேன். அவளுக்குத் தெரியாமல் ரப்பர் மலைக்குப் போய், அவள் மரங்களின் வெட்டு இருக்கும் உயரத்தைக் குடையால் அளந்தேன்: இரண்டு குடையும் ஒரு சாணும். அந்த உயரத்தில் சுவரில் ஒரு தடித்த கோடு இழுத்தேன். என்னவென்று அவள் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது. சில வாரம் விரல் ஒரு அங்குலம்கூட ஏறாது. பல்லைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் நிற்பாள். ஒருநாள்கூட விட்டதில்லை.

கடைசித் தடவை காட்டப் போனபோது டொக்டர், “இன்னிக்கு எத்தனை கேள்வி?” என்றார்.

“ஒண்ணுதான். மத்த வழியில செஞ்சிருந்தா இதவிட நல்லா வந்திருக்குமோ?”

“அதே தோள்ல திரும்பச் செஞ்சு பாக்க முடியாதே மாஸ்டர்!” என்று வாய்விட்டுச் சிரித்தார். வலியில்லாமல் கை மேலே போனால் கத்தி பிடிக்கலாம் என்று தோட்டத்துக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போக வேண்டும். அன்று மாலை அவள் சுவரருகே நின்றாள். விரல்கள் பழைய கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டின. தடித்த கோட்டைத் தொட்டன. அதற்கும் மேலே இரண்டு விரற்கடை போய் நின்றன. முகத்தில் சுளிப்பில்லை. எனக்குத்தான் தையல் அறுந்துவிடுமோ என்று பதறியது.

“போதும்மா, எறக்கு, எறக்கு.”

“ஏத்துறதுக்கே இவ்வளவு நாளாச்சு,” என்றாள், கையை எடுக்காமலே. “கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் மாமா.”