மூன்றாவது தண்ணீர்

ஈர வேப்பிலை வாசம், கூடவே மஞ்சள்... கேட்டிலேயே மூக்கில் ஏறியது. இன்றைக்கு ஊசி நடக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கிள்ளான் பக்கம் ஒரு கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்த புதிது. ஊசித் தவணை தவறிய பிள்ளைகளை வீடு தேடிப் போய் அழைத்து வர வேண்டும். அன்று தேடியது ஒரு வயதுப் பெண் குழந்தையை. தட்டம்மை ஊசி தள்ளிப் போயிருந்தது. அந்தத் தாமான் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தட்டம்மை. எனக்கு உள்ளூரப் பயம்.

குழந்தையின் அம்மா சாந்தி அக்கா கேட்டைத் திறக்கவே இல்லை.

"உள்ள வராதீங்க மிஸி. மூத்தவனுக்குச் சின்னம்மை. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் வெளிய வர மாட்டோம்."

"சின்னவளுக்கு ஊசி போடணுமேக்கா..."

"ஆத்தா வீட்டுல இருக்கும்போது ஊசி குத்துனா கோவிச்சுக்குவா லா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் எனக்கு அம்மை போட்டபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தலை சீவக் கூடாதென்று என் அம்மா சீப்பைக்கூட ஒளித்து வைத்திருந்தார்.

"மூணாவது தண்ணி என்னிக்கு?"

விரல் விட்டு எண்ணினார். "ஞாயித்துக்கெழம."

"அப்போ திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துருங்க. நான் வாசல்லயே நிப்பேன்."

கிளினிக்கில் பெரிய மிஸி, எங்கள் தலைமை நர்ஸ், கார்டில் 'மறுத்துவிட்டார்' என்று எழுதச் சொன்னார். நான் 'தள்ளிப் போட்டிருக்கிறார்' என்று எழுதினேன். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்றார்.

அந்த வாரம் கிளினிக்கில் போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடிப் போய் எடுத்தேன்.

திங்கட்கிழமை எட்டு ஆனது. எட்டரையும் ஆனது... ஆளைக் காணோம். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சாந்தி அக்காவின் இடுப்பில் குழந்தை, கழுத்தில் இன்னும் போகாத மஞ்சள்.

"கோயிலுக்குப் போயி ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தேன் மிஸி. அதான் லேட்டு."

ஊசி போட்டதும் குழந்தை அழுது ஊரைக் கூட்டியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்போது நான் பெட்டாலிங் ஜெயாவில். தவணை நாள் அம்மாக்களின் போனுக்கே வந்துவிடுகிறது. ஆனாலும் போன மாதம் ஒரு வீட்டுக்குத் தேடிப் போக வேண்டி வந்தது. வாசலில் வேப்பிலை இல்லை. உள்ளே உட்கார வைத்து மைலோ எல்லாம் கொடுத்தார் அந்த இளம் அம்மா. பிறகு போனை நீட்டினார். யாரோ அனுப்பிய வீடியோ.

"ஊசியில என்னென்னமோ கலக்குறாங்களாம் ஆன்டி. நீங்களே பாருங்க."

முழுவதையும் பார்த்தேன். பதில் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"சரிம்மா, என்னிக்கு வர்றீங்க?" என்று பழைய பழக்கத்தில் கேட்டேன்.

எண்ணிச் சொல்ல அவரிடம் நாள் எதுவும் இல்லை.

காரில் வந்து உட்கார்ந்து, கார்டில் எழுதினேன்... 'தள்ளிப் போட்டிருக்கிறார்.'