ஒன்பது தடவை மிதிக்காத பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் டீச்சர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். இறங்கிப் பத்தடி போனதும் பிரேக் டீச்சர்தான். பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். மற்ற வாத்தியார்கள் அதை ஆபத்துக்கென்று விட்டுவைப்பார்கள். இந்த அம்மாள் வாய்ப்பேச்சைவிட அதைத்தான் நம்பினாள். சிக்னலில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி அடங்கவில்லை என்றால் டக்கென்று ஒரு மிதி. ஓட்டுகிறவரின் நெற்றி ஸ்டியரிங் வரைக்கும் போய் ஊர் பார்த்துவிட்டுத் திரும்பும். வங்கி மேனேஜர், பல் டாக்டர், கல்யாணத்துக்குள் லைசென்ஸ் வாங்கியே தீருவேன் என்று வந்த பெண், யாராக இருந்தாலும் அதே மிதிதான்.

பத்தொன்பது வருடமாக இதே வேலை. அவளுடைய பயிற்சி உரிமத்தில் இதுவரை ஒரு கறுப்புக் குறி கிடையாது. அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. வீட்டில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சுற்றி வளைத்து அந்த உரிமத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

அதைப் புதுப்பிக்கத்தான் அந்தத் திங்கட்கிழமை போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள். வெள்ளிக்கிழமையோடு காலாவதி. நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். எழுத்துத் தேர்வு, வேறொரு வாத்தியார் பக்கத்தில் நூறு மணி நேரம் உட்கார்ந்து பயிற்சி, எல்லாம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் போல. அப்படியெல்லாம் ஆகுமென்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. பத்து நிமிஷ வேலை என்றுதான் பதினொரு மணி வகுப்பைக்கூட ரத்து செய்யாமல் வந்திருந்தாள்.

மூன்றாம் கவுன்ட்டரில் இருந்த கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“புதுப்பிக்க முடியாதும்மா. உங்க வண்டி மேல ஒன்பது அபராதம் கட்டாம நிக்குது.”

“எந்த வண்டி? நம்பரை நல்லாப் பாருங்க சார்.”

“நல்லாத்தான் பார்த்தேன். ஒன்பதுக்கும் லெட்டர் போயிருக்கு. நினைவூட்டு லெட்டர் வேற போயிருக்கு.”

“எனக்கு ஒண்ணுகூட வரலையே!”

எந்த விலாசத்துக்கு என்று கேட்டதும் அவர் படித்துக் காட்டினார். எட்டு மாதத்துக்கு முன்னால் காலி செய்த பழைய வீட்டு விலாசம். இவளுக்கு வந்ததே கோபம். வீடு மாறிய இரண்டாம் நாளே இதே கட்டடத்துக்கு வந்து, வரிசையில் நின்று, விலாசத்தை மாற்றிக்கொண்டு போனவள் அவள். ரசீதுகூடப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினாள்.

“இது லைசென்ஸுக்கு மாத்தினது. அது ரெண்டாவது மாடி. வண்டிப் பதிவுக்கு மூணாவது மாடியில தனியா மாத்தணும்.”

“ரெண்டாவது மாடியில இருக்கறவங்க மூணாவது மாடிக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களா?”

“அவங்க வேற செக்ஷன்மா.”

நடுவில் பதினெட்டுப் படி. அதை ஏறி இறங்க எட்டு மாதம் ஒரு காகிதத்துக்குப் போதவில்லை. இதை அவள் சத்தமாகவே சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஆமோதித்தார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் காதில் விழாதவர்போலப் படங்களை எடுத்துக் காட்ட ஆரம்பித்தார்.

மேட்டுச் சிக்னலில் புதிதாக வைத்த கேமரா எடுத்த படங்கள். ஒன்பதிலும் அவளுடைய கார், தலையில் பயிற்சிப் பலகையோடு, முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றிருந்தது. ஒன்பதும் ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பதிலும் ஸ்டியரிங்கை விட்டால் விழுந்துவிடுவோம் என்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஆள், அவளுடைய நாத்தனார். பக்கத்து இருக்கையில் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு படத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கைகூடப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயிற்சி வண்டிக்குத் தனி ஃபாரம் இருக்கு,” என்று கண்ணாடிக்காரர் இரண்டு தாள்களைத் தள்ளினார். “டீச்சருக்கு ஒண்ணு, கத்துக்கறவங்களுக்கு ஒண்ணு. டீச்சர் பிரேக் போட்டாங்களா, இல்லையா, ஏன். அதான் கேள்வி. நீங்க சொல்லியும் அவங்க கேக்கலைன்னா தப்பு அவங்களோடது. ஒரு வருஷம் டெஸ்ட் எழுத முடியாது. நீங்க போடவே இல்லைன்னா தப்பு உங்களோடது. கறுப்புக் குறி விழும், ரெண்டு மாசம் கத்துக்குடுக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் வந்து எழுதிக் குடுத்துடுங்க.”

வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள். அவர் ஒரு பள்ளிக்கூடத்துச் சோதனைக்கூடத்தில் உதவியாளர். மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் எப்போதும் வாயைத் திறக்காமலே காலம் தள்ளிவிட்ட மனிதர்.

“உங்க அக்கா இப்ப இருக்கற நம்ம பழைய வீட்டுக்கு ஒன்பது லெட்டர் போயிருக்கு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

“இல்லையே... எதுக்கும் கொஞ்சம் பார்த்துப் பேசு. அவ மனசு கஷ்டப்படப்போவுது.”

“என் உரிமம் போவுதுங்க இங்க!”

“சரிதான். இருந்தாலும் பார்த்துப் பேசு.”

அவள் போனை அணைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பார்த்துப் பேசு என்கிற இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பித்தது. இவர்கள் பயிற்சி மைதானத்துக்குப் பக்கமாக வீடு மாறியபோது பழைய வீட்டுக்கு நாத்தனார் குடிவந்தாள். ஐம்பத்து நான்கு வயது, தனி ஆள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, துணி மாற்றிவிடும் வேலை. இரண்டு பஸ் மாறி ஒரு நாளைக்கு நாலு வீடு. லைசென்ஸ் இருக்கிறவர்களுக்குச் சின்னக் கார் தருவதாக அவளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியில் சொன்னதும், ஆசை யாரை விட்டது, தம்பி மனைவியிடம் கற்றுக்கொள்ள வந்துவிட்டாள். முதல் ஞாயிற்றுக்கிழமை அதே மேட்டுச் சிக்னலில் பிரேக் டீச்சர் வழக்கம்போல் ஒரு மிதி மிதித்தாள். நாத்தனார் சிக்னல் மூன்று தடவை பச்சையாகும்வரை ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். சாயங்காலம் தம்பியிடம் போய், உன் பொண்டாட்டி எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேவலப்படுத்திவிட்டாள் என்றாள். தம்பி மனைவியிடம் வந்து, கொஞ்சம் பார்த்து மிதிக்கக் கூடாதா என்றார்.

அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கால் பிரேக் பக்கமே போகவில்லை. கோட்டைத் தாண்டினால், “பரவாயில்லைக்கா, வண்டி பின்னாடி உருளலையே, அதுவே பெரிசு,” என்று சொல்லப் பழகிக்கொண்டாள். வேறு மாணவரிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், சொன்ன வாயில் அவளே போட்டிருப்பாள்.

அன்று மத்தியானம் பழைய வீட்டுக் கதவைத் தட்டினாள். நாத்தனார் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்குமுன்பே பீரோவைத் திறந்து, மடித்து வைத்த படுக்கை விரிப்புகளுக்கு அடியிலிருந்து கவர்களை எடுத்தாள். தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பாண்டு வேறு போட்டிருந்தது. ஒளித்துவைப்பதிலும் என்ன ஒரு ஒழுங்கு!

“கட்டிடலாம்னுதான் போனேன். வண்டிச் சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னுட்டாங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொன்னா வகுப்பை நிறுத்திடுவியோன்னு இருந்துச்சு. அடுத்த வாரம் புதன்கிழமை டெஸ்ட். பாஸாயிட்டுச் சொல்லிக்கலாம்னு...”

வாய்வரைக்கும் வந்ததை எல்லாம் இவள் மென்று விழுங்கினாள். “சரி விடுங்க. நாளைக்கு ரெண்டு பேரும் போய்ப் பேசிக்கலாம்,” என்றாள். தெருவில் இறங்கியதும் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. இந்தப் பெண்மணி முன்னால் மட்டும் ஏன் இப்படிப் பூனை மாதிரி ஆகிவிடுகிறோம் என்று காரின் டயரை ஒரு உதை உதைத்தாள். கால்தான் வலித்தது.

மறுநாள் கண்ணாடிக்காரர் இருவரையும் ஆளுக்கொரு மேஜைக்கு அனுப்பினார். பார்த்து எழுதக் கூடாதாம், பரீட்சை மாதிரி. பிரேக் டீச்சர் பேனாவைத் திறந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். பத்தொன்பது வருடம் அப்படியே பளிச்சென்று நிற்கும். கேமராவுக்குக் காது கிடையாது, யாருக்குத் தெரியப்போகிறது? ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே ஆசைப்பட்டாள். ஆனால் அந்தச் சிரித்த முகம் படங்களில் அப்படியே இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினாள். ஏன் என்ற இடத்தை வெறுமையாக விட்டாள்.

கண்ணாடிக்காரர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“டீச்சர் பிரேக் போடலைன்னு எழுதியிருக்காங்க. நீங்க, டீச்சர் எவ்வளவோ சொன்னாங்க, நான்தான் திமிரா ஓட்டினேன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுல எதை நான் எடுத்துக்கறது? என் இருபது வருஷ சர்வீஸ்ல ரெண்டு பேரும் தப்பு என்னோடதுன்னு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. இந்தாங்க ரெண்டு தாளும், வெளியே போய் ஒரு முடிவுக்கு வாங்க. ஒன்றரைக்கு மேல நான் சாப்பிடப் போயிடுவேன்.”

வராந்தாவில் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

“நீ மாத்தி எழுதிடு. எனக்கு என்ன, இத்தனை வருஷம் பஸ்ஸுல போனேன், இனிமேலும் போறேன்.”

“தியாகமெல்லாம் வேண்டாம்க்கா. நீங்க திமிரா எங்க ஓட்டினீங்க? பயந்துக்கிட்டு ஓட்டினீங்க.”

“அப்ப நீ ஏன் மிதிக்கலை?”

கேள்வி இவ்வளவு நேராக வரும் என்று இவள் எதிர்பார்க்கவில்லை.

“எல்லாருக்கும் மிதிக்கறியே, எனக்கு மட்டும் ஏன் மிதிக்கலை?”

“முதல் நாள் மிதிச்சதுக்கு நீங்க அழுதீங்க. வீட்டுக்கு வந்து புகார் சொன்னீங்க. அப்புறம் எப்படி மிதிப்பேன்?” குரல் உயர்ந்துவிட்டது. மாடிப்படியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலைக் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். உங்க தம்பி வேற பார்த்துப் பேசு, பார்த்து மிதின்னு என் உயிரை எடுக்கறார்!”

நாத்தனார் அழவில்லை. புடவைத் தலைப்பால் நெற்றியை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

“அழுதா என்ன? அழுது முடிச்சுட்டுக் கத்துக்கிட்டிருப்பேன். படுத்துக் கிடக்கறவங்களை நான் தினமும் புரட்டிப் போடறேன். வலிக்குதுன்னு என்னைத் திட்டுவாங்க, கத்துவாங்க, ஒரு தாத்தா கடிக்கக்கூடச் செஞ்சார். பாவமேன்னு புரட்டாம விட்டா ரெண்டே வாரத்துல முதுகெல்லாம் புண்ணாயிடும். அது தெரியாதா உனக்கு?”

நாத்தனார் கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

“முதல் லெட்டர்ல படத்தைப் பார்த்தப்ப, கேமராதான் ஏதோ தப்பா எடுத்துடுச்சுன்னு நினைச்சேன். பக்கத்துல நீ இருக்கே. நான் தப்பு பண்ணா நீ விட்டிருக்கவே மாட்டேன்னு நினைச்சேன். நாலாவது, அஞ்சாவதுக்கு அப்புறம்தான் பயமே வந்துச்சு.”

கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்த மனசு அப்படியே அடங்கிப்போயிற்று. இத்தனை பேரை இத்தனை வருடமாக மிதித்து மிதித்து ரோட்டுக்கு அனுப்பியவள், தன்னை இவ்வளவு நம்பிய ஒருத்தியைத்தான் கோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. நாத்தனாருடைய தாளைக் கையிலிருந்து பிடுங்கி நாலாகக் கிழித்துப் போட்டாள். கவுன்ட்டரில் கேட்டு வாங்கிய புதுத் தாளில் ‘டீச்சர் பிரேக் போடவில்லை’ என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். தன் தாளில் வெறுமையாக விட்ட இடத்தில் எழுதினாள்: ‘சொந்தக்காரர் என்பதால் மிதிக்கவில்லை.’

மணி ஒன்று இருபது. கண்ணாடிக்காரர் படித்துவிட்டு ஒரு பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார்.

“இந்தக் காரணம் பட்டியல்லயே இல்லையேம்மா. கவனக்குறைவுன்னு போட்டுக்கறேன்.”

“கவனக்குறைவு இல்லை சார். நல்லாக் கவனிச்சுக்கிட்டேதான் விட்டேன்.”

“அதுக்கு இங்க இடமில்லைம்மா,” என்று அவர் கவனக்குறைவையே போட்டார்.

நாலாம் கவுன்ட்டரில் அபராதம் கட்டியதும் உரிமம் புதுப்பித்துக் கைக்கு வந்தது. அதன் மூலையில் ஒரு கறுப்புக் குறி, இரண்டு மாதம் கற்றுக்கொடுக்கத் தடை. விலாசம் மாற்ற மூன்றாம் மாடிக்குப் போனால் அங்கே சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். இவள் மாணவர்களின் எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த இரண்டு மாதத்துக்கு மைதானத்தில் இருக்கும் இன்னொரு வாத்தியாரிடம் போகச் சொல்லிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கும் அவர்கிட்டதான்க்கா சொல்லியிருக்கேன். டெஸ்டுக்கு முன்னாடி நாலு வகுப்பு எடுத்துடுவார்.”

“அவர் பிரேக் போடுவாரா?”

“போடுவார்.”

“நான் அழுதாலும்?”

“அழுதாலும் போடுவார்.”

“அப்ப பாஸாயிடுவேன்,” என்றாள் நாத்தனார் நிம்மதியாக.

பிரேக் டீச்சருக்கு அந்த நிம்மதியைத்தான் தாங்க முடியவில்லை. கதவு திறக்கும்வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.